பேசியவர்கள் பெயர்

ஜெயப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். குமணன்சாவடியில் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடத்தில் அவள் காது சிவக்காத வாரம் கிடையாது. ஆனாலும் வாயைத் திறந்ததில்லை. வேலை நிலைக்க வேண்டுமென்றால் கோபம் காதோடு நிற்க வேண்டும் என்பது காட்டுப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் ஆரம்பித்தது.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் குணசேகரன் முன்பு மனை விற்றுக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு கல்யாண மண்டபமும் இருக்கிறது. எதை எங்கே மாட்டினால் ஆள் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு சனிக்கிழமை எங்கிருந்தோ ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார். அந்த மனுஷர் டீச்சர்களை உட்கார வைத்து, "வகுப்பில் நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள், பிள்ளைகள் பேசட்டும், மொழி வாயால் வருவது, காதால் அல்ல" என்று மதியம் வரை பேசினார். அவர் மட்டும்தான் பேசினார் என்பது வேறு விஷயம். டீச்சர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில், பெரிய ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'மாணவரை மையமாகக் கொண்ட ஆங்கில வகுப்புகள். அட்மிஷன் நடைபெறுகிறது.' கீழே, எந்தத் தேசத்துப் பிள்ளையோ, சுருட்டை முடியோடு வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பள்ளியிலேயே அந்த ஃப்ளெக்ஸை நம்பிய ஒரே ஆள் ஜெயப்பிரியாதான்.

அவளுடைய எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். பெஞ்சுக்கு நான்கு பேர், முழங்கை இடிக்காமல் எழுத முடியாது. அன்றைக்குப் பாடம், மலைவாசஸ்தலத்துக்குச் சுற்றுலா போன அனுபவம். புத்தகத்தை மூடச் சொன்னாள். இரண்டு இரண்டு பேராகத் திரும்பி உட்கார்ந்து, நீங்கள் போன இடத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசுங்கள் என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த மாதிரி ஐம்பத்திரண்டும் தரையைப் பார்த்தன. அதுகள் எந்த மலைக்குப் போயின? கொஞ்ச நேரம் கழித்து, பின் பக்கம் யாரோ முணுமுணுப்பது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அவள் அங்கே போய்ச் சேருவதற்குள் முன் பெஞ்சிலிருந்து அகல்யா எழுந்தாள், சாக்பீஸை எடுத்தாள், போர்டின் வலது மூலையில் கோடு போட்டாள், பெயர் எழுத ஆரம்பித்தாள்.

அகல்யா நான்காம் வகுப்பிலிருந்து கிளாஸ் லீடர். அச்சு மாதிரி கையெழுத்து.

"அகல்யா, என்னம்மா பண்ற?"

"பேரு எழுதுறேன் மிஸ்."

"எதுக்கு?"

"பேசுறாங்க மிஸ்."

"நான்தானே பேசச் சொன்னேன்?"

அகல்யா குழம்பிப் போனாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போர்டாண்ட இல்லியே மிஸ்."

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்த வலது மூலையை விளக்க வேண்டாம். டீச்சர் வகுப்பில் இல்லாதபோது லீடர் எழுந்து, பேசுகிறவர்கள் பெயரை அங்கே எழுத வேண்டும். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை.' அதற்கும் மேலே 'மிகவும் அடங்கவில்லை.' டீச்சர் வந்து குறியை எண்ணி அடி போடுவார். போர்டுக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் பேசினால்தான் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். டீச்சர் கடைசி பெஞ்சில் போய் நின்று, பிள்ளைகள் பேசினால், அது பாடம் இல்லை. பாடம் இல்லையென்றால் பெயர் எழுத வேண்டும். அகல்யாவைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஜெயப்பிரியா அன்றைக்குச் சிரித்துவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறபோதுதான் காது சூடேறியது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை, வரவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்கிறோம். எப்படி வரும்? எல்கேஜியிலிருந்து வாயில் விரல் வைக்கச் சொல்லியே வளர்த்தால் எட்டாம் வகுப்பில் வாய் எங்கே திறக்கும்?

மறுவாரம் அவள் இரண்டு காரியம் செய்தாள். மலைவாசஸ்தலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'உனக்கு எதற்குக் கோபம் வரும்? பக்கத்தில் இருப்பவனிடம் இங்கிலீஷில் சொல்' என்றாள். இரண்டாவது, அகல்யாவைக் கூப்பிட்டு, "இனிமே இங்கிலீஷ் பீரியட்ல நீ பேரு எழுது. யார் இங்கிலீஷ்ல பேசுறாங்களோ அவங்க பேரு. ஒவ்வொரு தடவை பேசும்போதும் எதிர்ல ஒரு ஸ்டார். இது அடிக்கு இல்ல, பெருமைக்கு. புரியுதா?" என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்து, "இந்தக் கிளாஸ்ல பேசினா யாரும் அடிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றும் சொன்னாள்.

அகல்யா நம்பாமல்தான் எழுதினாள். பிள்ளைகளும் முதல் நாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் போர்டு மூலையில் இடம் போதவில்லை.

கோபம் என்றதும் ஒவ்வொன்றும் எத்தனை வைத்திருந்தது! பஸ் நிறுத்தாமல் போகிற டிரைவர் மேல், தூசி கிளப்புகிற லாரி மேல், மாமா வீட்டுப் பையன் மேல். இலக்கணம் பல்லிளித்தது. இளிக்கட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மூன்றாவது பெஞ்சின் சுவர் ஓரத்திலிருந்து, அதுவரை யாரும் அந்த வகுப்பில் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"மை பிரதர்... மை சார்ஜர் டேக்கிங். டெய்லி டேக்கிங். ஐ ஆம் வெரி ஆங்கிரி."

நஜீர்.

ஆறாம் வகுப்பில் இந்தப் பள்ளிக்கு வந்தவன். அப்பா பூந்தமல்லியில் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்வான், ஒரு பெஞ்சே விழுந்து விழுந்து சிரிக்கும். இங்கிலீஷ் பீரியட் மணி அடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடமாக அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட 'பிரசென்ட் மிஸ்' என்று சொன்னதில்லை, கையை மட்டும் தூக்குவான். கேள்வி கேட்டு எழுப்பினால் கண்ணில் நீர் கட்டும். ஜெயப்பிரியா அவனைக் கேள்வி கேட்பதையே விட்டிருந்தாள்.

அகல்யா போர்டில் NAZEER என்று எழுதி எதிரே ஒரு நட்சத்திரம் போட்டாள். அவன் அன்றைக்கு முழுக்க அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பீரியடில் கணக்கு உலகநாதன் சார் வந்து மொத்தத்தையும் அழித்தபோது, "சார், அத்த மட்டும் உட்ருங்க சார்" என்று கெஞ்சினானாம். அவர் விடவில்லை. மறுநாள் காலையில் அகல்யாவை நச்சரித்துத் திரும்ப எழுத வைத்தான். அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. அண்ணன், சார்ஜர், தண்ணி லாரி, அப்பாவைக் காக்க வைக்கிற கார்க்காரர்கள் என்று தினமும் ஒரு கோபத்தோடு வந்தான். இந்தப் பையனுக்காகவே வேலையில் இருக்கலாம் என்று ஜெயப்பிரியாவுக்குத் தோன்றியது.

உலகநாதன் பக்கத்து வகுப்பு. அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். "மிஸ், இன்னா நடக்குது உங்க கிளாஸ்ல? மீன் மார்க்கெட் கணக்கா கீது. என் பசங்களுக்கு அல்ஜீப்ரா காதுல உழல" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டார். சத்தம் தாங்காதபோது டஸ்டரால் சுவரை டமடமவென்று தட்டுவார். குணசேகரன் ஆபீசில் உட்கார்ந்து கேமராவில் பார்க்கிறவர். அவர் போனில் கூப்பிட்டார்.

"இன்னா மிஸ், பசங்க திரும்பி உக்காந்துகினு கீறாங்க? எனக்கு முதுகுதான் தெரியுது."

"பேசிட்டிருக்காங்க சார். நீங்க டிரெயினிங் குடுத்தீங்களே, அதுதான்."

"அது சரி மிஸ். முதுகு தெரியாம பேசச் சொல்லுங்க."

அன்றைக்கும் காதுதான் சிவந்தது.

ஒரு வியாழக்கிழமை, வகுப்பு நன்றாகச் சூடு பிடித்திருந்த நேரத்தில், ஆபீஸிலிருந்து ஆயா வந்து நின்றாள். யாரோ அட்மிஷனுக்கு வந்திருக்கிறார்கள், ஃப்ளெக்ஸில் போட்டிருக்கிற வகுப்பு என்றால் என்னவென்று கேட்கிறார்கள், மிஸ் வந்து இங்கிலீஷில் விளக்க வேண்டுமாம். ஜெயப்பிரியாவுக்குப் போக மனமில்லை. ஆனால் போகாமல் முடியாது. வாசலில் நின்று, "நான் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது, பேசிக்கிட்டே இருக்கணும். அகல்யா எழுதுவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே ஏசி அறையில் அந்தத் தம்பதிக்கு விளக்கினாள். எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பேச விடுகிறோம், தப்பாகப் பேசினாலும் திட்டுவதில்லை, பயம் போனால்தான் பாஷை வரும் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் ஃபீஸ் விவரம் கேட்டாள். குணசேகரன் நாற்காலி காலியாக இருந்ததை ஜெயப்பிரியா கவனித்தாள். ரவுண்ட்ஸ் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடிப்படி ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. பி பிரிவிலிருந்து ஒரு பேச்சு மூச்சு இல்லை.

வராந்தாவில் ஒன்பது பேர் முட்டி போட்டிருந்தார்கள். எல்லாரும் உள்ளங்கையைத் தொடை மேல் மல்லாக்க வைத்திருந்தார்கள். நஜீரின் இடது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. உள்ளே மிச்சம் இருந்தவர்கள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். போர்டு துடைத்த ஈரத்தோடு பளபளவென்று இருந்தது. அகல்யா மட்டும் நின்றுகொண்டு அழுதாள்.

அவளிடமிருந்து விஷயத்தைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கரஸ்பாண்டென்ட் சார் வந்தாராம். டீச்சர் இல்லை, வகுப்பில் ஒரே சத்தம். போர்டைப் பார்த்தாராம். வலது மூலையில் ஒன்பது பெயர். "லீடர் யாரும்மா? கரெக்ட்டா எழுதி வெச்சிகீற, குட் கேர்ள்" என்று அகல்யாவைத் தட்டிக்கொடுத்தாராம். பக்கத்து வகுப்பில் உலகநாதன் சாரிடம் மர ஸ்கேல் வாங்கினாராம். ஒரு ஸ்டாருக்கு ஒரு அடி.

நஜீருக்கு அன்றைக்கு நான்கு ஸ்டார்.

"நான் சொல்ல வாயெடுத்தேன் மிஸ். பயமா இருந்துச்சு மிஸ். நஜீருதான் எந்திரிச்சு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'சார், திஸ் இஸ் குட் லிஸ்ட், சார்'னு சொன்னான் மிஸ். இங்கிலீஷ்லயே சொன்னான். 'எதிர்த்தாடா பேசுற'ன்னு கன்னத்துல ஒண்ணு வுட்டாரு."

பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை லேமினேட் செய்து ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். ஜெயப்பிரியா ஒன்பது பேரையும் எழுப்பி உள்ளே அனுப்பினாள். நஜீரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. பேசினால் யாரும் அடிக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னவள் அவள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எழுதச் சொன்னவள், பேசச் சொன்னவள், சொல்லிவிட்டுக் கீழே போய் ஏசியில் உட்கார்ந்து பெருமை அடித்தவள்.

அதே வேகத்தில் ஆபீசுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சார், இங்கிலீஷ்ல பேசினதுக்குப் பிள்ளைங்களை அடிச்சிருக்கீங்க. அது நல்லாப் பேசினவங்க பேரு சார். எதிர்ல ஸ்டார் இருந்துச்சே, பார்க்கலையா?"

குணசேகரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"மிஸ், நானும் பள்ளிக்கூடத்துல பட்சவன்தான். போர்டுல பேரு எழுதுனா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்டார் போட்டா இன்னா, பெருக்கல் போட்டா இன்னா? எம்பேரு இல்லாத நாளே கெடையாது. அடி வாங்கித்தான் இந்த நெலமைக்கு வந்துகீறேன்."

"அப்ப ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்கறது?"

"ஃப்ளெக்ஸு ரோட்டுல போறவனுக்கு மிஸ். உள்ள கீறவனுக்கு இல்ல. அத்த நம்பி கிளாஸ் எடுக்காதீங்க."

"பிள்ளைங்க கிட்ட வந்து தப்பு நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இல்லன்னா அதுங்க இனிமே வாய் திறக்காது."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். வேறு ஒரு அட்மிஷன் அங்கே காத்திருந்தது. "சரி, நாளைக்கு நானே வந்து பேசுறேன். போதுமா?" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நஜீரின் அம்மா ஃபக்ருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். பர்தாவுக்கு மேலே தோள்பை, வேலைக்குப் போகிற அவசரம். பையனின் கையைப் பார்த்துச் சண்டை போடத்தான் வந்திருப்பாள், போடட்டும், நானும் கூட நிற்கிறேன் என்று ஜெயப்பிரியா ஓடினாள். ஃபக்ருன்னிசா உள்ளே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார். இனிமே வாயே தொறக்க மாட்டான். அல்லா மேல ஆணையா சொல்லிட்டான். டிசி மட்டும் குடுத்துறாதீங்க."

குணசேகரன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஜெயப்பிரியா அவளைத் தனியே இழுத்து வந்தாள்.

"அம்மா, எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? உங்க பையன் தப்பே செய்யல. இங்கிலீஷ்ல பேசினான். ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் பேசவே ஆரம்பிச்சான்."

ஃபக்ருன்னிசா அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்க நல்லவங்க மிஸ். அவன் ஊட்ல உங்களப் பத்தியே பேசிக்கினு இருப்பான். ஆனா ஒண்ணு கேக்குறேன். ரெண்டு வருசமா பேசாம இருந்தான், யாராவது அடிச்சாங்களா? பேசுனான், அடிச்சாங்க. அப்ப நான் எம்புள்ளைக்கு இன்னா சொல்லி அனுப்பணும்?"

அந்த அம்மாள் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள். இங்கிலீஷ் வந்தால் பையன் அப்பாவைப் போல ஊசி பிடிக்க வேண்டாம் என்று வயிற்றைக் கட்டி அனுப்புகிறவள், அவன் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டவர் உள்ளே டீ குடிக்கிறார். ஜெயப்பிரியாவின் காது மட்டுமல்ல, கழுத்து வரை கொதித்தது.

இங்கிலீஷ் பீரியட் வந்தது. "பார்ட்னரைப் பார்த்து உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். "பேசுங்க" என்றாள். ஒருவர்கூடப் பேசவில்லை. ஐம்பத்திரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தாள். அகல்யாவைச் சாக்பீஸ் எடுக்கச் சொன்னாள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம் மிஸ்" என்றாள். அட்டெண்டன்ஸ் எடுத்தபோது நஜீர் பழையபடி கையை மட்டும் தூக்கினான். அந்தக் கையில் ஸ்கேல் தடம் இன்னும் கோடு கோடாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குணசேகரன் வந்து நின்றார்.

"வெரி குட். இப்பதான் கிளாஸ் மாதிரி கீது" என்று உள்ளே வந்தார். ஐம்பத்திரண்டும் எழுந்து நின்று உட்கார்ந்தன. சொன்னபடி வந்துவிட்டார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஜெயப்பிரியா ஒதுங்கி நின்றாள்.

அவர் பேசினார். ஒழுக்கம்தான் உயிர் என்றார். தான் சின்ன வயதில் வாத்தியார் முன்னால் மூச்சுக்கூட விட்டதில்லை என்றார். நேற்று எம்பேரு போர்டில் இல்லாத நாளே கிடையாது என்று சொன்ன அதே வாய். வேலப்பன்சாவடிக்குச் சைக்கிள் மிதித்தது, முதல் மனை விற்றது, கல்யாண மண்டபம் கட்டியது, ஒன்றையும் விடவில்லை. நேற்றைய விஷயம் பற்றி, "அடிச்சது உங்க நல்லதுக்குத்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றதோடு முடித்துக்கொண்டு மறுபடி மண்டபத்துக்குப் போனார். முழுக்கத் தமிழில். அவர் தலைக்கு மேலே, சுவரில், இங்கிலீஷில் மட்டும் பேசவும் என்று அவரே எழுதி வைத்த கொட்டை எழுத்து. பாதிப் பீரியட் போய்விட்டது. பிள்ளைகள் வாயில் விரல் வைத்திருந்தார்கள். நஜீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் காதோடு நிறுத்தி வைத்தது இனி நிற்காது என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்தது. அவள் போர்டுக்குப் போனாள். சாக்பீஸை எடுத்தாள். வலது மூலையில் கோடு போட்டாள். பெரிய எழுத்தில், நிதானமாக, GUNASEKARAN SIR என்று எழுதினாள்.

யாரோ ஒருவன் 'ஐயோ' என்றான். குணசேகரன் திரும்பினார். பெயரைப் படித்தார். மண்டபம் பாதியில் நின்றது.

"இன்னா மிஸ் இது?"

"பேசினவங்க பேரு சார்."

"வெளையாடுறீங்களா?"

"இல்ல சார். போர்டுல பேரு எழுதினா ஒரே அர்த்தம்தான்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் முகம் கறுத்தது. ஆனால் ஐம்பத்திரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன, ஃபீஸ் கட்டுகிற அத்தனை வீடுகளும் இன்று சாயங்காலம் இந்தக் கதையைக் கேட்கும் என்பது மனை விற்றவருக்குத் தெரியாதா? சட்டென்று சிரித்தார். "சரி சரி, புரியுது. இது நல்ல லிஸ்ட்டுன்னு சொன்னீங்கள்ல? அப்ப எனக்கும் ஒரு ஸ்டார் போட்டுருங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பது அந்தப் பள்ளியில் வழக்கம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது பெஞ்ச் கிறீச்சென்று நகர்ந்தது. சுவர் ஓரத்தில் நஜீர் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தான்.

"நோ ஸ்டார், சார்."

"இன்னாடா?"

அவன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

"யூ ஸ்பீக்கிங்... ஒன்லி டமில், சார். நோ இங்கிலீஷ். நோ இங்கிலீஷ், நோ ஸ்டார்."

குணசேகரனின் கை தானாக மேலே போனது. அவர் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் ஜெயப்பிரியா பெஞ்சுகளுக்கு நடுவே வந்து நின்றுவிட்டாள்.

"கையை இறக்குங்க சார்!"

அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். "அவன் தப்பா என்ன சொன்னான்? சரியா இங்கிலீஷ்ல பதில் சொல்லுங்க. சொன்னா நானே ஸ்டார் போடறேன்."

குணசேகரன் வாயைத் திறந்தார். மூடினார். இன்னொரு தடவை திறந்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடம் நஜீர் நின்ற மாதிரியே நின்றார். பிறகு, "பீரியட் முடிஞ்சதும் ஆபீசுக்கு வாங்க, உங்க கணக்கை முடிச்சுடலாம்" என்று ஜெயப்பிரியாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கணக்கை முடிப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பீரியட் முடிய இன்னும் நேரம் இருந்தது. அவள் போர்டுக்குத் திரும்பினாள். குணசேகரன் பெயரை அழிக்கவில்லை. அதன் கீழே NAZEER என்று எழுதி, எதிரே ஒரு நட்சத்திரம் போட்டாள். அது கோணலாக வந்தது. நஜீர் இன்னும் நின்றுகொண்டே அதைப் பார்த்தான்.

"டர்ன் டு யுவர் பார்ட்னர்" என்றாள். "வொய் ஆர் யூ ஆங்கிரி? டெல்."

நஜீர் பக்கத்துப் பையனிடம் திரும்பி என்னவோ சொன்னான். அவன் இவனிடம் என்னவோ சொன்னான். பின் பெஞ்சில் ஒரு பெண் ஆரம்பித்தாள். அகல்யா எழுந்து வந்து ஜெயப்பிரியாவின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். எழுதுவதற்குள் நாலு பேர் பேசிவிட்டார்கள், பிறகு பத்து பேர், பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து உலகநாதன் சார் டஸ்டரால் சுவரைத் தட்டினார். யாரும் நிறுத்தவில்லை.